ஏர் பிரையரில் சோறு வேகுமா?

"அறையில் காஸ் வைக்க வீட்டுக்காரர் விடவில்லை. கையில் இருப்பது ஓர் ஏர் பிரையரும் ஒரு மின்கெட்டிலும்தான். இதை வைத்துக்கொண்டு சோறு ஆக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் அந்த இயந்திரம் எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ, அந்த வேலையைச் செய்யவிடாமல் தடுத்தால்தான் முடியும். இது புரிந்துவிட்டால் செய்முறை எளிது. புரியாவிட்டால் இணையத்தில் கிடைக்கும் எந்த அளவைப் பின்பற்றினாலும் ஏதாவது ஒன்று சொதப்பும்.

நான் முதல்முறை செய்ததைச் சொல்கிறேன். ஓர் எவர்சில்வர் டப்பாவில் பொன்னி அரிசியைக் களைந்து போட்டு, குழாய்த் தண்ணீர் ஊற்றி, மூடாமல் உள்ளே வைத்து 200 டிகிரியில் அரை மணி நேரம் ஓட விட்டேன். திறந்து பார்த்தால் மேலே இருந்த பருக்கைகள் காய்ந்து, கடித்தால் பல் கூசும்படி இருந்தன. நடுவில் விரைவிரையாக இருந்தது. அடியில் இருந்தது வெந்நீரில் ஊறிய அரிசி, அவ்வளவுதான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அன்றைக்கு அந்த ஒரே டப்பாவுக்குள் மூன்று பதம் இருந்தது.

ஏன் அப்படி ஆனது? ஏர் பிரையர் என்பது அளவில் சுருங்கிய கன்வெக்ஷன் அவன், அதாவது விசிறி வைத்த மின்னடுப்பு. மேலே ஒரு கம்பிச் சுருள் (காயில்) சூடாகிறது, அதற்கு மேலே இருக்கும் விசிறி அந்தச் சூட்டைக் காற்றோடு சேர்த்துக் கூடைக்குள் சுழற்றி அடிக்கிறது. 2010இல் பெர்லினில் நடந்த ஐஃபா மின்னணுப் பொருள் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் இதை அறிமுகப்படுத்தியது. எண்ணெய் குறைத்து உருளைக்கிழங்கு வறுப்பதுதான் இதன் முதல் பெருமை. வறுவல் மொறுமொறுப்பாக வேண்டுமென்றால் கிழங்கின் மேல்பரப்பில் உள்ள ஈரம் போக வேண்டும். காற்று வேகமாக அடித்தால் ஈரம் வேகமாகப் போகும். அதாவது, இது ஈரத்தை விரட்டும் கருவி. சோற்றுக்கோ ஈரம் கூடவே இருக்க வேண்டும், கடைசிப் பருக்கை வேகும்வரை. இரண்டுக்கும் ஆகாது.

இன்னொன்றும் இருக்கிறது. இட்லிப் பானையைத் திறக்கும்போது ஆவி கையில் பட்டால் சுரீரென்று கொப்பளித்துவிடும். அந்த ஆவி வெறும் 100 டிகிரிதான். ஆனால் 200 டிகிரியில் இருக்கும் மின்னடுப்பின் கதவைத் திறந்து காற்றுக்குள் ஒரு நொடி கையை நீட்டி எடுத்தால் ஒன்றும் ஆகாது. (தட்டைத் தொட்டால் ஆகும், அது வேறு.) ஒரு கிராம் நீராவி குளிர்ந்து தண்ணீராகும்போது 2,260 ஜூல் வெப்பத்தைக் கொட்டுகிறது. ஒரு கிராம் காற்று 200 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு இறங்கும்போது தருவது சுமார் 100 ஜூல்தான். திரையில் 200 என்று ஒளிர்வதைப் பார்த்து, குக்கரைவிடச் சூடாச்சே, சீக்கிரம் வெந்துவிடும் என்று நினைக்கிறோம். குக்கருக்குள் 120 டிகிரி ஆவி செய்யும் வேலையை இந்தக் காற்றால் செய்ய முடியாது.

இனி அரிசியின் பக்கம். அரிசி மாவுச்சத்து, ரகத்தைப் பொறுத்து 55 முதல் 79 டிகிரிக்குள் தண்ணீரைக் குடித்து உப்பி, கூழ்ப்பதமாகிறது. வேகுவது என்று நாம் சொல்வது இதைத்தான். எனவே 180, 200 எல்லாம் அரிசிக்குத் தேவையே இல்லை. கொதிக்கும் தண்ணீரும் அது ஓடிவிடாமல் ஒரு மூடியும் போதும். பாத்திரத்துக்குள் தண்ணீர் இருக்கும்வரை சோறு 100 டிகிரியைத் தாண்டாது. வெளியே சூட்டை ஏற்றினால் ஓரம்தான் காயும்.

சரி, செய்முறைக்கு வருவோம். உங்கள் கூடைக்குள் சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி விட்டு உட்காரக்கூடிய பாத்திரம் வேண்டும். நாலு லிட்டர் இயந்திரமாக இருந்தால் 16, 18 செ.மீ. அகலமும் 7 செ.மீ. உயரமும் உள்ள எவர்சில்வர் பாத்திரமோ கேக் டின்னோ சரியாக இருக்கும். இடைவெளி இல்லாமல் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் காற்று கீழே இறங்காது, அடிப்பக்கம் வேகாது. பிளாஸ்டிக் குமிழ் வைத்த மூடி கூடாது.

ஒரு டம்ளர் பச்சரிசி எடுத்துக்கொள்ளுங்கள். 200 மி.லி. டம்ளர் என்றால் ஏறக்குறைய 170 கிராம் அரிசி இருக்கும். ஒருவருக்கு நிறைவாகவும் இருவருக்குச் சுமாராகவும் வரும். இரண்டு மூன்று தண்ணீரில் களைந்து அரை மணி நேரம் ஊற வையுங்கள். காஸ் அடுப்பில் அவசரத்துக்கு ஊறலைத் தவிர்க்கலாம், இங்கே தவிர்க்காதீர்கள். ஊறும்போதே தண்ணீர் பருக்கையின் நடுவரைக்கும் போய்விடும். அப்புறம் சூடு மட்டும் உள்ளே போனால் போதும்.

ஊறிய தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு அரிசியைப் பாத்திரத்தில் பரப்புங்கள். உப்பும் அரை ஸ்பூன் நெய்யோ எண்ணெயோ சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்குள் ஏர் பிரையரைக் காலியாக 180 டிகிரியில் ஐந்து நிமிடம் ஓட விட்டிருக்க வேண்டும். கெட்டிலில் தண்ணீர் கொதித்ததும், தளதளவென்று இருக்கும்போதே அரிசியில் ஊற்றுங்கள். பாசுமதிக்கு ஒன்றரை டம்ளர், சோனா மசூரி போன்ற பச்சரிசிக்கு இரண்டு டம்ளர். பழைய அரிசி என்றால் இன்னும் ஒரு கை சேர்க்கலாம், அது தண்ணீர் குடிக்கும். புது அரிசி என்றால் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் குழைந்துவிடும்.

கொதிநீர்தான் இதில் பாதி வெற்றி. இரண்டு டம்ளர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 117 கிலோ ஜூல் வேண்டும். 1,500 வாட் கெட்டில் அதை இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிடும். அதே வேலையைக் காற்றை நம்பி விட்டால் கால் மணி நேரம் போகும், அவ்வளவு நேரமும் அரிசி வெதுவெதுப்பான நீரில் ஊறிப் பிசுபிசுக்கும். என் முதல் முயற்சியில் அடியில் கண்டது இதைத்தான்.

அடுத்தது மூடி. அலுமினிய ஃபாயிலை இரண்டாக மடித்து, பாத்திரத்தின் விளிம்பைச் சுற்றி அழுத்தி இறுக்கிவிடுங்கள். ஃபாயில் தளர்வாக இருந்தால் விசிறிக் காற்று அதைத் தூக்கிக் காயிலில் ஒட்டவைத்துவிடும். அது ஆபத்து. அதன்மேல் சின்ன எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் பயமில்லை. தட்டு காயிலைத் தொடாத அளவுக்கு இடம் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். புளி, தக்காளி, எலுமிச்சை சேர்த்த சாதமாக இருந்தால் ஃபாயில் உணவைத் தொடக்கூடாது, புளிப்பு அலுமினியத்தை அரிக்கும்.

180 டிகிரியில் பாசுமதிக்கு 22 முதல் 25 நிமிடம். மற்ற பச்சரிசிக்கு 28 முதல் 30. இடையில் திறந்து பார்க்காதீர்கள். நேரம் முடிந்ததும் இயந்திரத்தை அணைத்துவிட்டு, ஃபாயிலைப் பிரிக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். இந்தப் பத்து நிமிடத்தில்தான் அடியில் மிச்சமிருக்கும் ஈரம் மேலே ஏறி, எல்லாப் பருக்கையும் ஒரே பதத்துக்கு வரும். அவசரப்பட்டுத் திறந்துவிட்டு, மேலே விரையாக இருக்கிறது என்று தண்ணீர் தெளித்து மறுபடி ஓட்டினால் அடிப்பாகம் களியாகிவிடும்.

திறக்கும்போது ஃபாயிலை உங்களுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து பிரியுங்கள். உள்ளே அடைபட்டிருக்கும் ஆவியைப் பற்றித்தான் மேலே சொன்னேனே.

புழுங்கலரிசி கேட்பீர்கள். நெல்லாக இருக்கும்போதே ஊறி, ஆவியில் வெந்து, காய்ந்து இறுகிய அரிசி அது. மாவுச்சத்து ஒருமுறை வெந்து கெட்டிப்பட்டுவிட்டதால் மறுபடி தண்ணீர் உள்ளே போக நேரம் பிடிக்கும். நான் ஒன்றரை மணி நேரம் ஊற வைத்து, மூன்று பங்கு கொதிநீர் ஊற்றிச் செய்து பார்த்தேன். ஒரு மணி நேரம் ஆனது. சாப்பிடும்படி இருந்தது, அதற்குமேல் புகழ ஒன்றுமில்லை. வடித்த சோற்றின் உதிரியும் வரவில்லை, குக்கர் சோற்றின் குழைவும் வரவில்லை. மட்டை அரிசி, கைக்குத்தல் அரிசி ஆகியவற்றுக்கும் இதே கதைதான். நீங்கள் புழுங்கலரிசிக்காரர் என்றால் இந்த வழி உங்களுக்குச் சரிப்பட்டு வராது என்பேன்.

கூடையை எடுத்துவிட்டு வெளி இழுப்பறையிலேயே அரிசியும் தண்ணீரும் ஊற்றி வைக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். திறந்து கிடக்கும் தண்ணீரின்மேல் காற்று அடித்தால் வேகுவதற்கு முன் வற்றும். பொங்கும் கஞ்சி விசிறிப் பக்கம் தெறிக்கும். கொதிநீர் நிறைந்த இழுப்பறையை வெளியே இழுக்கும் காட்சியை நினைத்தாலே பகீரென்கிறது. இன்னொரு யோசனை, ஹாஸ்டல் அனுபவசாலிகள் சொல்வது, கெட்டிலிலேயே அரிசியைப் போட்டுவிடுவது. தண்ணீர் கொதித்து ஆவி வந்ததும் அணைந்துவிடும்படி செய்யப்பட்டது கெட்டில். அரிசிக்கோ தொடர்ந்து கொதி வேண்டும். திரும்பத் திரும்ப ஆன் செய்தால் கஞ்சி நுரைத்து மேலேறி அந்த ஸ்விட்சுக்குள் போய்விடும். நூடுல்ஸுக்கே கெட்டில் பாவம்.

நின்ஜா ஃபூடி, இன்ஸ்டன்ட் பாட் டுவோ கிரிஸ்ப் மாதிரி பிரஷர் குக்கரும் ஏர் பிரையரும் சேர்ந்த கருவிகளில் சோறு அருமையாக வருகிறதே என்று சொல்வார்கள். அவற்றில் சோறு வேகுவது பிரஷர் குக்கர் பகுதியில். ஏர் பிரையர் பகுதிக்கு அதில் பங்கில்லை.

செலவையும் பார்த்துவிடுவோம். 1,500 வாட் ஏர் பிரையர் அரை மணி நேரம் விடாமல் ஓடினால் முக்கால் யூனிட். சூடு எட்டியதும் காயில் அணைந்து அணைந்து எரிவதால் உண்மையில் அதைவிடக் குறையும், பாதிக்கும் கீழேகூடப் போகலாம். 500 வாட் ரைஸ் குக்கர் 25 நிமிடத்தில் எடுப்பது 0.2 யூனிட் சொச்சம். காசு வித்தியாசம் பெரிதில்லை. எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று: ரைஸ் குக்கருக்குச் சோறு எப்போது வெந்தது என்று தெரியும், ஏர் பிரையருக்குத் தெரியாது.

1955இல் ஜப்பானில் தோஷிபா நிறுவனம் தானாக அணையும் மின்சார ரைஸ் குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் இருந்த தந்திரம் அழகானது. இரண்டு பாத்திரம், வெளிப் பாத்திரத்தில் அளந்து ஊற்றிய கொஞ்சம் தண்ணீர். அந்தத் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியில் நிற்கும், அது ஆவியாகித் தீர்ந்ததும் சூடு சட்டென்று ஏறும், ஏறியதும் ஸ்விட்ச் விழும். பிற்பாடு வந்த குக்கர்களில் வெளித் தண்ணீருக்குப் பதில் அடியில் ஒரு காந்தம் இருக்கிறது. அரிசி தண்ணீரை எல்லாம் குடித்துவிட்டால் பாத்திரத்தின் அடி 100ஐத் தாண்டும். கொஞ்சம் தாண்டியதும் அந்தக் காந்தம் தன் காந்தத்தன்மையை இழந்து, பிடித்திருந்த நெம்புகோலை விட்டுவிடும். நம் வீட்டில் கேட்கும் டக் சத்தம் அதுதான். ஏர் பிரையர் பார்ப்பது காற்றின் சூட்டையும் கடிகாரத்தையும் மட்டும். உள்ளே இருப்பது சோறா கிழங்கா என்று அதற்குக் கவலையில்லை. அதனால்தான் முதல் இரண்டு மூன்று தடவை நீங்கள்தான் உங்கள் அரிசிக்கும் பாத்திரத்துக்கும் ஏற்ற நிமிடக் கணக்கைக் கண்டுபிடித்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அரிசி மூட்டை மாறினால் கணக்கும் கொஞ்சம் மாறும்.

இவ்வளவு குறை சொல்கிறேனே என்று இயந்திரத்தைக் கட்டி வைத்துவிடாதீர்கள். அரிசி சமையலில் இதற்கென்றே அமைந்த இடங்களும் உண்டு. ஒன்று தம். பிரியாணிக்குத் தம் போடும்போது மூடியின்மேல் தணலை அள்ளிப் போடுவது எதற்கு? அடியிலிருந்து மட்டும் சூடு வந்தால் அடி பிடிக்கும், மேலே வேகாது. மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் சூடு வேண்டும். ஏர் பிரையரில் காயில் மேலே இருக்கிறது. அரிசியை முக்கால் பதத்தில் வடித்து, மசாலாவின்மேல் பரப்பி, ஃபாயிலால் இறுக்கி 160 டிகிரியில் இருபது நிமிடம் வைத்தால் தம் நன்றாகவே விழுகிறது. விளிம்பில் சப்பாத்தி மாவைத் திரித்து ஒட்டினால் இன்னும் நல்லது. ஊருக்குப் போயிருக்கும்போது செய்து பாருங்கள். அறையில் முக்கால் பதத்துக்கு அரிசியை வேகவைக்க உங்களுக்கு அடுப்பில்லையே.

இன்னொன்று நேற்றைய சோறு. ஆறிக் குளிர்ந்த சோற்றில் மாவுச்சத்து மறுபடி இறுகிவிடுகிறது, மேல்பரப்பும் உலர்ந்திருக்கும். ஏர் பிரையருக்கு வேண்டியது இதுதான். ஒரு கப் சோற்றை லேசாக மசித்து, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சைமிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை, உப்பு, இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு போட்டுப் பிசைந்து வடைபோல் தட்டுங்கள். மெல்லிசாகத் தட்டுங்கள், அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கமும் எண்ணெய் தடவி 190 டிகிரியில் பதினைந்து நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டால் மேலே மொறுமொறுப்பாகவும் உள்ளே மெத்தென்றும் வரும். எண்ணெய் தடவாமல் செய்தால் மொறுமொறுப்புக்குப் பதில் வறட்டி கிடைக்கும்.

அடிப்பிடித்த சோற்றை நாம் காந்தல் என்று சொல்லிச் சுரண்டிப் போடுகிறோம். (சுரண்டித் தின்கிறவர்களும் உண்டு, நான் அந்தக் கட்சி.) ஈரானில் இதையே தஹ்திக் என்று விருந்தின் நடுவில் வைக்கிறார்கள். பானையின் அடி என்றுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். கொரியாவில் நுருங்ஜி. சோற்றில் கொஞ்சம் நெய் பிசிறி, பேக்கிங் தாளின்மேல் ஒரு பருக்கை கனத்துக்கு அழுத்திப் பரப்பி, 200 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வைத்தால் பொன்னிறத் தகடுபோல் எடுக்கலாம். தாளின் ஓரம் பறக்காமல் சோறே அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். ரசத்துக்கு இதைத் தொட்டுக்கொண்டு பாருங்கள்.

பறப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. வடாம், அப்பளம் இரண்டும் எடை இல்லாதவை. விசிறி ஓடியதும் எழும்பிக் காயிலில் போய் ஒட்டிக் கருகும். மேலே ஒரு கம்பி வலைத் தட்டு வைத்து அழுத்துங்கள். அப்பளம் எண்ணெய் தடவினால் பரவாயில்லாமல் பொரிகிறது. அரிசி வடாம் எண்ணெயில் பொரிகிறமாதிரி பூக்காது, அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

வெறும் சோற்றைச் சுடவைக்க மட்டும் என்றால் இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து, மூடி, 160 டிகிரியில் எட்டு நிமிடம். மைக்ரோவேவ் இருந்தால் அதுதான் மேல்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். இரவு சோறு மிஞ்சினால், வெதுவெதுப்பாக இருக்கட்டும் என்று ஏர் பிரையருக்குள்ளேயே மூடி விட்டுவிடாதீர்கள். அரிசியில் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும், அவை கொதியிலும் சாகாது. வெதுவெதுப்பில் அவை முளைத்துப் பெருகினால் வாந்தி வரவழைக்கும் நச்சு ஒன்றை உண்டாக்கும். மறுநாள் எத்தனை டிகிரியில் சுட வைத்தாலும் அந்த நச்சு போகாது. மிஞ்சியதைத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைக்கும் பழைய சோறு வேறு கதை, அதை இதோடு குழப்ப வேண்டாம்.

உங்கள் நிலைமைக்கு என் யோசனை: சின்ன ரைஸ் குக்கர் ஒன்று வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள். வீட்டுக்காரர் தடுத்தது காஸைத்தானே. அதுவரைக்கும் இப்படிச் செய்யலாம். வேலையிலிருந்து வந்ததும் அரிசியை ஊறப் போட்டுவிட்டுக் குளிக்கப் போங்கள். வந்து மேலே சொன்னபடி வையுங்கள். நேரம் முடிந்ததும் பாத்திரத்தை ஃபாயிலோடு வெளியே எடுத்துக் கனமான துண்டில் சுற்றி வையுங்கள், அந்தப் பத்து நிமிட ஓய்வுக்கு அது ஏர் பிரையருக்குள்தான் இருக்க வேண்டும் என்றில்லை. இருபது நிமிடம் போனாலும் சூடு ஆறாது. இயந்திரம் ஏற்கெனவே சூடாகத்தான் இருக்கும். நறுக்கிய உருளைக்கிழங்கில் மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய் பிசிறி, வெறும் கூடையில் கொட்டி 190 டிகிரியில் பதினெட்டு நிமிடம் விடுங்கள். பாதியில் ஒருமுறை குலுக்கிவிட்டால் போதும். கிழங்கு சிவந்து வரும்போது சோறும் பதமாக இருக்கும். கடையில் வாங்கி வந்த தயிர் பாக்கெட்டைப் பிரித்து உட்கார வேண்டியதுதான்.